காட்டு ஊர்வனவற்றின் மீட்பும் கருணைக்கொலையும்

காயமடைந்த, நோயுற்ற அல்லது வாழிடத்தை இழந்த காட்டு ஊர்வன விலங்கு ஒன்று மனிதர் கைக்கு வரும்போது அதைக் காப்பாற்ற முயல்வதா, வலியின்றி அதன் உயிரை முடித்துவைப்பதா என்பது விலங்கு அறவியலிலும் காட்டுயிர் மருத்துவத்திலும் தொடர்ந்து விவாதிக்கப்படும் கேள்வியாகும். பாம்பு, பல்லி, உடும்பு, ஆமை, முதலை ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் வகுக்கப்பட்ட விடைகள் ஊர்வனவற்றுக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஊர்வன மெதுவாகக் குணமாகின்றன, மெதுவாகவே இறக்கின்றன, வலியைக் குரலில் காட்டுவதும் மிகக் குறைவு. இதனால் பிழைக்கக்கூடிய விலங்கு கைவிடப்படுவதும், பிழைக்கவே முடியாத விலங்கு நாள்கணக்கில் துன்புறுவதும் நேர்கின்றன.

சொற்களின் பொருள்

இவ்விவாதத்தில் வரும் சில சொற்கள் அடிக்கடி ஒன்றுடன் ஒன்று குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

மீட்பு என்பது ஆபத்தில் இருக்கும் விலங்கை அங்கிருந்து எடுப்பது மட்டுமே. அதற்குச் சிகிச்சை அளித்துத் தானே இரை தேடி வாழும் நிலைக்குக் கொண்டுவருவது மறுவாழ்வு. பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது விடுவிப்பு. வேறோர் இடத்தில் கொண்டுபோய் விடுவது இடமாற்றம். வீட்டுக்குள் வந்த பாம்பைப் பிடித்துத் தொலைவிலுள்ள காட்டில் விடுவதைப் பொதுவாக மீட்பு என்று சொன்னாலும், அது உண்மையில் இடமாற்றமே.

கருணைக்கொலை என்பது அந்த விலங்கின் நன்மைக்காகவே, அதன் தீராத துன்பத்தை முடிக்கும் நோக்கில் செய்யப்படுவது. பிற உயிரினங்களையோ மனித நலனையோ காக்க ஒரு விலங்கைக் கொல்வது அழித்தொழிப்பு. இரண்டிலும் ஒரே மருந்தும் ஒரே முறையும் பயன்படலாம். ஆனால் அவற்றுக்கான நியாயங்கள் வேறு. அழித்தொழிப்பைக் கருணைக்கொலை என்று அழைப்பது நியாயம் சொல்ல வேண்டிய பொறுப்பை மறைத்துவிடுகிறது.

ஊர்வனவற்றின் உடலியல்

ஊர்வன தம் உடல் வெப்பத்துக்குச் சூழலைச் சார்ந்திருப்பவை. அவற்றின் வளர்சிதை மாற்றம் மெதுவானது. சிறிய பாலூட்டி ஒன்று சில நாள்களில் பட்டினியால் இறந்துவிடும் நிலையில், பாம்போ ஆமையோ பல வாரங்கள் உணவின்றித் தாக்குப்பிடிக்கும். உயிர்வளிக் குறைவையும் அவை வியக்கத்தக்க அளவு தாங்குகின்றன. வட அமெரிக்காவின் வண்ண ஆமை, பனி மூடிய குளத்தின் அடியில் மாதக்கணக்கில் ஏறத்தாழ உயிர்வளியே இல்லாமல் குளிர்காலத்தைக் கழிக்கிறது.

இந்தத் தாங்குதிறனுக்கு மறுபக்கமும் உண்டு. தலை துண்டிக்கப்பட்ட பின்னும் பாம்பின் மூளை உடனே செயலிழப்பதில்லை. வெட்டுண்ட தலை நெடுநேரம் கழித்தும் கடிக்க வல்லது. மூளை இறந்த பிறகும் இதயம் நீண்ட நேரம் துடித்துக்கொண்டிருக்கும். ஆகவே இதயத்துடிப்பை மட்டும் வைத்து ஊர்வன ஒன்று உயிரோடு இருக்கிறதா என்று சொல்ல முடியாது. அசைவின்மையை மட்டும் வைத்து அது இறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது.

ஊர்வனவற்றுக்கு வலி தெரியாது என்ற கருத்து ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. இன்று அது ஏற்கப்படுவதில்லை. தீங்கை உணரும் நரம்பு முனைகள் அவற்றுக்கு உண்டு. மார்பின் போன்ற வலிநிவாரணிகள் ஆமைகளிடமும் சில பல்லிகளிடமும் வேலை செய்வது சோதனைகளில் காணப்பட்டுள்ளது. விலங்குகளின் நனவு குறித்து 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் அறிவியலாளர்களும் மெய்யியலாளர்களும் வெளியிட்ட கூட்டறிக்கை, ஊர்வன உட்பட எல்லா முதுகெலும்பிகளுக்கும் நனவு அனுபவம் இருப்பதற்கு மெய்யான வாய்ப்பு உண்டு என்று கூறியது.

இவற்றிலிருந்து நடைமுறை சார்ந்த ஒரு முடிவு கிடைக்கிறது. அடிபட்ட பாம்பைக் கண்டவர்கள் "புதரில் விட்டுவிடுவோம், இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்று சொல்வது வழக்கம். முதுகெலும்பு முறிந்த பாம்பு உடனே இறப்பதில்லை. இரை பிடிக்கவும் வெயிலுக்கோ நிழலுக்கோ நகரவும் முடியாமல், எறும்புக்கும் ஈக்கும் இரையாகி நாள்கணக்கில் அது உயிரோடு கிடக்கலாம். மீட்பும் இன்றிக் கருணைக்கொலையும் இன்றி அதை விட்டுவிடுவது நடுநிலையான தேர்வாகத் தோன்றினாலும், பல வேளைகளில் மூன்று வழிகளில் மிகக் கொடியது அதுவே.

மீட்புக்கு ஆதரவான வாதங்கள்

முதல் வாதம் பொறுப்பு சார்ந்தது. மனிதர் கைக்கு வரும் ஊர்வனவற்றில் பெரும்பகுதி மனிதச் செயலால் காயமடைந்தவை. சாலையில் வண்டி ஏறிய ஆமை, தோட்டத்து நைலான் வலையில் சிக்கிய சாரைப்பாம்பு, தூண்டில் முள்ளை விழுங்கிய கடலாமை, படகின் சுழலி வெட்டிய கடலாமை ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். தீங்கு செய்தவர்க்கு அதைச் சரிசெய்யும் கடமை உண்டு என்பது இவ்வாதத்தின் அடிப்படை.

இரண்டாவது வாதம் இனத்தொகை சார்ந்தது. பல ஆமையினங்கள் நீண்டகாலம் வாழ்பவை, இனப்பெருக்க வயதை அடையப் பத்து முதல் இருபது ஆண்டுகள் வரை எடுத்துக்கொள்பவை. அவற்றின் முட்டைகளிலும் குஞ்சுகளிலும் மிகச் சிலவே பிழைத்து வளர்கின்றன. எனவே வளர்ந்த பெண் ஆமை ஒன்றை இழப்பது பெரிய இழப்பு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள அல்கோன்குவின் பூங்காவில் கடிக்கும் ஆமைகள் 1972 முதல் கண்காணிக்கப்பட்டு வருகின்றன. 1980களின் பிற்பகுதியில் அங்கே குளிர்கால உறக்கத்தில் இருந்த வளர்ந்த ஆமைகள் பலவற்றை நீர்நாய்கள் கொன்றன. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த இனத்தொகை பழைய அளவுக்குத் திரும்பவில்லை. இத்தகைய இனங்களில் ஒரு தனி விலங்கைக் காப்பாற்றுவது அந்த விலங்கோடு நின்றுவிடுவதில்லை.

மூன்றாவது வாதம் மருத்துவம் சார்ந்தது. உடைந்த ஆமை ஓடு பார்ப்பதற்குக் கோரமாக இருக்கும். ஆனால் ஓடு உயிருள்ள எலும்பு. திருகு, கம்பி, பசை ஆகியவற்றால் இணைக்கப்பட்ட ஓடு மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ கூடிவிடுகிறது. பார்த்தவுடன் "இனி பிழைக்காது" என்று தோன்றிய பல ஆமைகள் நலமடைந்து திரும்பியுள்ளன. தாய் ஆமை இறந்துவிட்டாலும் அதன் வயிற்றிலுள்ள முட்டைகளை எடுத்து அடைகாப்புப் பெட்டியில் பொரிக்கவைக்கும் வழக்கம் வட அமெரிக்க ஆமை மருத்துவமனைகளில் உண்டு.

மீட்பின் வரம்புகள்

காப்பாற்றப்பட்ட விலங்கு எங்கே போகும் என்பதே மீட்பின் கடினமான பகுதி.

பாம்புகளுக்கு வாழிட எல்லை உண்டு. மறைவிடம், நீர், இரை, குளிர்காலப் புகலிடம் ஆகியவை எங்கே உள்ளன என்பதை அவை அறிந்து வாழ்கின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இடமாற்றம் செய்யப்பட்ட காட்டுச் சலங்கைப் பாம்புகளை வானொலிக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வு 1999இல் வெளியானது. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை இறந்தன. அப்பகுதியிலேயே வாழ்ந்த பாம்புகளின் இறப்பு அதைவிட மிகக் குறைவு. கர்நாடகத்தின் ஆகும்பே பகுதியில் ராஜநாகங்களைப் பின்தொடர்ந்த ஆய்விலும், இடம் மாற்றி விடப்பட்ட பாம்பு தன் எல்லைக்குள் வாழும் பாம்பைப் போலச் சுற்றித் திரியாமல் ஒரே திசையில் நெடுந்தொலைவு அலைந்தது தெரியவந்தது. பிடித்தவருக்கு மனநிறைவு தரும் இடமாற்றம் பாம்புக்கு மெதுவான மரணமாக முடியக்கூடும். வீட்டுக்குள் வந்த நலமான பாம்பைப் பிடித்த இடத்துக்கு மிக அருகிலேயே பொருத்தமான மறைவிடத்தில் விட வேண்டும் என்று வல்லுநர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

காட்டுக்குத் திரும்ப முடியாத விலங்கை வாழ்நாள் முழுதும் காப்பகத்தில் வைப்பது மூன்றாவது வழி. பார்வையிழந்த அல்லது துடுப்பிழந்த கடலாமைகள் சில காட்சியகங்களில் நன்றாகவே வாழ்கின்றன. ஆனால் காட்டில் வளர்ந்த பாம்புகள் பல, கூண்டில் இரை எடுக்க மறுத்து மெலிந்து இறக்கின்றன. பாம்புக்கும் ஆமைக்கும் ஆயுள் நீளம் என்பதால், ஒரு விலங்கை ஏற்றுக்கொள்வது பல பத்தாண்டுகளுக்கான இடத்தையும் பணத்தையும் ஒதுக்குவதாகும்.

கடத்தலில் பறிமுதலான விலங்குகளில் சிக்கல் இன்னும் கூடுகிறது. நட்சத்திர ஆமை தென்னிந்தியா, இலங்கை, வடமேற்கு இந்தியாவும் பாக்கித்தானும் சேர்ந்த பகுதி ஆகிய மூன்று இடங்களில் தனித்தனியே வாழ்கிறது. பன்னாட்டு வணிகத் தடைக்குரிய முதல் பட்டியலில் அது 2019இல் சேர்க்கப்பட்டது. விமான நிலையத்தில் பெட்டியில் பிடிபட்ட ஆமை எந்தப் பகுதியைச் சேர்ந்தது, வழியில் எந்த நோயைப் பெற்றது என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வழிகாட்டுதல்கள் பறிமுதலான உயிருள்ள விலங்குகளுக்கு மூன்று வழிகளை முன்வைக்கின்றன: காப்பகம், காட்டுக்குத் திரும்புதல், கருணைக்கொலை. காட்டுக்கு விடுவதே எப்போதும் நல்லது என்று அவை கருதுவதில்லை.

மொகாவி பாலை ஆமைகள்: ஓர் எடுத்துக்காட்டு

இக்கேள்விகள் அனைத்தும் ஒரே இடத்தில் சந்தித்த நிகழ்வு அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் நடந்தது. மொகாவி பாலையில் வாழும் நில ஆமை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. வாழிட இழப்பாலும் நோயாலும் எண்ணிக்கை சரிந்ததால் 1990இல் அது அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. லாஸ் வேகாஸ் நகரம் விரிவடைந்தபோது கட்டுமான நிலங்களிலிருந்து எடுக்கப்பட்ட ஆமைகளுக்காக நகரத்தை ஒட்டி ஒரு பாதுகாப்பு மையம் இயங்கியது. நிலத்தைப் பயன்படுத்தும் கட்டுமான நிறுவனங்கள் செலுத்திய கட்டணம் ஆமைப் பாதுகாப்புக்கு முதன்மையான வருவாயாக இருந்தது.

நாளடைவில் மையத்துக்கு வந்தவற்றில் பெரும்பகுதி காட்டு ஆமைகளாக இல்லாமல், வீடுகளில் வளர்க்கப்பட்டு வேண்டாம் என்று ஒப்படைக்கப்பட்டவையாக ஆயின. காட்டில் அருகிவரும் அதே இனம், வீட்டுத் தோட்டங்களில் குஞ்சு பொரித்துப் பெருகியது. வீட்டில் வளர்ந்த ஆமைகள் மூச்சுப்பாதைத் தொற்றைக் காட்டு ஆமைகளுக்குப் பரப்பக்கூடும் என்பதால் எல்லாவற்றையும் பாலையில் விடவும் வழியில்லை. 2008ஐ ஒட்டி வீட்டுமனைச் சந்தை சரிந்தபோது கட்டண வருவாயும் குறைந்தது. 2013 ஆகஸ்டில் மையம் மூடப்படவிருக்கிறது, அங்கிருக்கும் ஏறத்தாழ 1,400 ஆமைகளில் பல நூறு கருணைக்கொலை செய்யப்படலாம் என்ற செய்தி வெளியாகிப் பெரும் எதிர்ப்பை எழுப்பியது. நலமான ஆமைகள் கொல்லப்படா, தீராத நோயுள்ளவை மட்டுமே அவ்வாறு முடிக்கப்படும் என்று அதிகாரிகள் விளக்கினர். விடத்தக்கவை மதிப்பிடப்பட்டுப் பாலையில் விடப்பட்டன.

இந்நிகழ்வில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, ஆமையின் உடல்நிலையைவிட நிதிநிலை அதன் விதியைத் தீர்மானிக்கும் நிலை வரக்கூடும். பணமில்லாமல் கொல்வதைக் கருணை என்று அழைக்கலாமா என்பதே மக்கள் கேட்ட கேள்வி. மற்றொன்று அறிவியல் சார்ந்தது. முன்பு சில காலம், மூச்சுப்பாதை நோய்க்கான எதிர்ப்பொருள் இரத்தத்தில் காணப்பட்டாலே ஆமையைக் கொல்லும் நடைமுறை அங்கே இருந்தது. எதிர்ப்பொருள் இருப்பது தற்போது நோய் இருப்பதற்கு உறுதியான சான்று ஆகாது என்றும், தொற்று இல்லாத ஆமைகளிடமும் இயற்கையான எதிர்ப்பொருள்கள் இருக்கக்கூடும் என்றும் பிந்தைய ஆய்வுகள் காட்டின. சிகிச்சையில் நேரும் பிழையைத் திருத்த வாய்ப்புண்டு. கொன்ற பின் திருத்த எதுவும் மிஞ்சுவதில்லை.

கருணைக்கொலையின் முறைகள்

கருணைக்கொலை என்ற பெயருக்குத் தகுதி பெற, மரணம் விரைவாகவும் வலியின்றியும் நிகழ வேண்டும். ஊர்வனவற்றில் இது எளிதன்று. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2013, 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின்படி, உணர்விழக்கச் செய்யாமல் தலையைத் துண்டிப்பதும், மூளையை அழிக்காமல் அத்துடன் நிறுத்துவதும் ஏற்கத்தக்கவை அல்ல. பெண்டோபார்பிட்டால் போன்ற மருந்தைச் செலுத்தி உணர்விழக்கச் செய்து, பின்னர் மூளை முற்றிலும் செயலிழந்ததை உறுதிசெய்யும் இரண்டு கட்ட முறை பரிந்துரைக்கப்படுகிறது.

உறைபெட்டியில் வைத்துக் கொல்வது பழைய வழக்கம். திசுக்களில் பனிப்படிகம் உருவாவது வலி தரும் என்ற அச்சத்தால் அது பொதுவாக விலக்கப்பட்டது. ஆத்திரேலிய உயிரியலாளர் ரிக் ஷைனும் அவர் குழுவினரும் 2015இல் கரும்புத் தேரைகளைக் கொண்டு செய்த ஆய்வில், முதலில் குளிர்வித்துப் பின் உறையவைத்தால் வலிக்கான மூளை அறிகுறிகள் தென்படவில்லை என்று வாதிட்டனர். இவ்விவாதம் இன்னும் முடியவில்லை.

பெண்டோபார்பிட்டால் செலுத்தப்பட்ட உடலைத் திறந்தவெளியில் எறிந்தால் அதைத் தின்னும் பறவைகளும் விலங்குகளும் நஞ்சேறி இறக்கக்கூடும். எனவே உடலை எரிப்பதோ ஆழமாகப் புதைப்பதோ இம்முறையின் பகுதியாகும்.

அறவியல் நோக்குகள்

பீட்டர் சிங்கர் 1975இல் வெளியிட்ட நூலில், துன்புறும் திறனே ஓர் உயிரின் நலனைக் கருத்தில் கொள்ளப் போதுமானது என்று வாதிட்டார். இந்நோக்கில் தீராத வலியை நீட்டிப்பது தவறு. டாம் ரேகன் 1983இல் விலங்குகளின் உரிமையை முன்வைத்தார். தனி விலங்கைச் சூழலின் நன்மைக்காகப் பலியிடுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். ஆல்டோ லியோபோல்டின் 1949ஆம் ஆண்டு நூல் முன்வைத்த நிலவியல் அறமோ, தனி உயிரைவிட உயிர்ச்சமூகத்தின் முழுமையை முதன்மையாகக் கொண்டது. நோயுள்ள ஒரு பாலை ஆமையைப் பற்றி இம்மூன்றும் மூன்று விடைகளை நோக்கிச் செல்லக்கூடும்.

இந்தியாவில் இக்கேள்வி அகிம்சையோடு பிணைந்தது. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் தீராத வேதனையில் கிடந்த கன்று ஒன்றை, மருத்துவர் கைவிட்ட பின், ஊசி போட்டு முடித்துவைக்கக் காந்தி இசைந்தார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. தன்னலமின்றி, அந்த உயிரின் நன்மைக்காகவே செய்யப்படுவது இம்சை ஆகாது என்பது அவர் விளக்கம். அதே வேளையில், பயிரை அழிக்கும் குரங்குகளைக் கொல்வதை அவர் இம்சை என்றே கருதினார். கருணைக்கொலைக்கும் அழித்தொழிப்புக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது.

அயல் ஊர்வன

தம் தாயகம் அல்லாத இடத்தில் பெருகிய ஊர்வன இவ்விவாதத்தின் கடினமான விளிம்பில் உள்ளன. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துச் சதுப்பு நிலங்களில் பர்மா மலைப்பாம்பு வேரூன்றியுள்ளது. 2012இல் வெளியான ஆய்வின்படி, மலைப்பாம்பு பரவிய பின் அங்கே ரக்கூன்கள் தென்படுவது 99.3 விழுக்காடும், ஒபோசம்கள் தென்படுவது 98.9 விழுக்காடும் குறைந்துவிட்டன. குவாம் தீவில் இரண்டாம் உலகப் போரையொட்டி வந்து சேர்ந்த பழுப்பு மரப்பாம்பு, அத்தீவின் 12 காட்டுப் பறவையினங்களில் 10ஐ இல்லாமல் ஆக்கியது. அங்கே 80 மில்லிகிராம் பாராசிட்டமால் வைத்த இறந்த எலிகள் வானிலிருந்து போடப்பட்டுப் பாம்புகள் கொல்லப்படுகின்றன.

இந்தப் பாம்புகள் நோயுற்றவை அல்ல. அவை தாமாக வந்தவையும் அல்ல, மனிதரால் கொண்டுவரப்பட்டவை. அவற்றைக் கொல்வதைப் பெரும்பாலான சூழலியலாளர்கள் தவிர்க்க முடியாதது என்கின்றனர். அதை ஏற்பவர்களும் இரண்டு நிபந்தனைகளை முன்வைக்கின்றனர்: அச்செயல் அழித்தொழிப்பு என்றே அழைக்கப்பட வேண்டும், வலியைக் குறைக்கும் கடமை அப்போதும் நீங்குவதில்லை.

இந்தியச் சட்டம்

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதை ஒழுங்குபடுத்துகிறது. 2022இல் திருத்தப்பட்ட அட்டவணைகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இச்சட்டத்தில் வேட்டை என்பது கொல்வதை மட்டுமன்றிப் பிடிப்பதையும் குறிக்கும். ஆகவே இரக்கத்தால் ஆயினும் அனுமதியின்றிக் காட்டு விலங்கைப் பிடித்து வைத்திருப்பது குற்றமாகலாம்.

பாதுகாக்கப்பட்ட விலங்கு மீள முடியாத அளவு ஊனமுற்றோ நோயுற்றோ இருந்தால், காரணங்களை எழுத்தில் பதிந்து அதன் உயிரை முடிக்க ஆணையிடும் அதிகாரம் தலைமைக் காட்டுயிர்க் காப்பாளருக்கு 11ஆம் பிரிவின்கீழ் உண்டு. தன்னையோ பிறரையோ காத்துக்கொள்ள நல்லெண்ணத்துடன் காட்டு விலங்கைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமாகாது என்றும் அதே பிரிவு கூறுகிறது. அருகிலுள்ள கேரளத்தில் பாம்பு பிடிப்போருக்கு வனத்துறையே 2020 முதல் பயிற்சியும் சான்றிதழும் அளித்து, சர்ப்பா என்ற செயலியின் வழியாக அவர்களை ஒருங்கிணைக்கிறது.

முடிவெடுக்க உதவும் கேள்விகள்

காட்டுயிர் மருத்துவர்கள் பொதுவாகக் கீழ்க்காணும் கேள்விகளை வரிசையாகக் கேட்கின்றனர்.

1. வலியை மருந்தாலும் சிகிச்சையாலும் கட்டுப்படுத்த முடியுமா?
2. விலங்கு தானே இரை தேடி, ஒளிந்து, நகர்ந்து வாழும் நிலைக்குத் திரும்புமா?
3. அது போக வேண்டிய இடம் இருக்கிறதா? பிடித்த இடத்துக்கு அருகிலேயே விட முடியுமா?
4. அதன் வருகை அங்குள்ள பிற உயிர்களுக்கு நோயையோ அழிவையோ கொண்டுவருமா?
5. காப்பகத்தில் வாழ நேர்ந்தால் அந்த இனத்தின் இயல்புக்கு அது வாழ்வாக இருக்குமா, வெறும் சிறையாக இருக்குமா?
6. நோய்க் கணிப்பு எந்த அளவுக்கு உறுதியானது? காத்திருந்து பார்க்க இடமுண்டா?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை உறுதியாக "இல்லை" என்றால் கருணைக்கொலை நியாயமாகிறது. கணிப்பில் ஐயம் இருந்து, வலியை அடக்க முடியுமானால், காத்திருப்பதே முறை. ஊர்வன மெதுவாகக் குணமாகின்றன என்பதால், நாய்க்கும் பூனைக்கும் போதுமான காத்திருப்புக் காலம் அவற்றுக்குப் போதாது.

அடிபட்ட ஊர்வன ஒன்றை முதலில் காண்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர், வழிப்போக்கரே. அவர் செய்ய வேண்டியவை சில. பாம்பாக இருந்தால் தொடாமல் விலகி நின்று வனத்துறைக்கோ பயிற்சி பெற்றவருக்கோ தகவல் தர வேண்டும். ஆமையாக இருந்தால் காற்றோட்டமுள்ள பெட்டியில் நிழலில் வைத்து, நீரோ உணவோ புகட்டாமல் ஒப்படைக்க வேண்டும். எந்த இடத்தில் கிடைத்தது என்பதைத் துல்லியமாகக் குறித்துத் தர வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், உயிர் பிழைத்த விலங்கையும் அதன் சொந்த இடத்தில் திரும்ப விட முடியாமல் போகும்.